கம்பம் இல்லாத நிறுத்தம்

மேயர் ரிப்பன் வெட்டிய அன்று
நான் சலவைக்கூடத்தில் இருந்தேன்,
ஆஸ்பத்திரிப் போர்வை மடித்துக்கொண்டு.
படத்தில்தான் பார்த்தேன்: எட்டு இருக்கை,
முட்டை வெள்ளையில் ஒரு மின்வண்டி,
ஆளுயரக் கத்தரிக்கோல்.

ரெஜைனாவில் இப்போது காலை நாலு ஐம்பது.
மைனஸ் இருபத்தாறு.
உங்கள் நிறுத்தம் இதுதான் என்கிறது ஃபோன்.
சுற்றிப் பார்க்கிறேன்.
கம்பமில்லை, பெஞ்சு இல்லை, கூரை இல்லை.
தீயணைப்புக் குழாய் ஒன்று
கழுத்தளவு பனியில் நிற்கிறது,
அதற்கும் எங்கேயோ போக வேண்டும் போல.

திரையில் நீலப்புள்ளி நகர்கிறது, நிற்கிறது,
திரும்பலாமா என்று யோசிக்கிறது.
ஆறு நிமிடம். ஏழு. மறுபடி ஆறு.

குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று
சூப்பர்வைசர் டாரெல் பந்தயம், ஐந்து டாலர்.

சத்தமே போடாது என்றார்கள்.
வந்தது ஒரு ரீங்காரத்தோடு.
நடப்பவர் மேல் ஏறிவிடாமலிருக்க
செய்து ஒட்டிய சத்தமாம்.
"எனக்கே கொசு மாதிரி கேக்குது"
என்றாள் ஓட்டுநர் ஜெனவீவ்.
ஜனவரியில் கொசு.
சிரித்ததில் என் கண்ணாடி வெளுத்தது.
ஹீட்டரைக் குறைத்துத்தான் வைத்திருந்தாள்;
டாரெலுக்கு இரண்டரை டாலர் தரலாம்.

இது மூன்றாம் வாரம்.
குழாயடியில் பனி மிதிபட்டுக் கிடக்கிறது:
என் பூட்ஸ்,
டோனட் கடைப் பையனின் தேய்ந்த ஷூ,
இன்னொரு சின்னத் தடம்,
நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்து
சூடு தேடியது, யாரோ.

மதியம் பனிவாரி வண்டி வந்து
அத்தனையும் வழித்துப் போடும்.
நாளை ஐந்து மணிக்குள்
நாங்கள் மறுபடி
நிறுத்தம் கட்ட வேண்டும்.