சமன் எடை

மூன்று புட்டிகள் வந்திருக்கின்றன.
ஒன்று உப்பனாறு, இறால் குட்டைக்குக் கீழே.
ஒன்று சிப்காட் மதிலை ஒட்டிய கைப்பம்பு.
இன்னொன்று அஞ்சலாட்சி வீட்டுக் கிணறு;
மீன் அலசவே கூசுகிறது என்றார்.

தேசிங்கு பனிக்கட்டிப் பெட்டியை
முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு
வண்டியில் வந்தான்.
ரயில்வே கேட்டில் அரை மணி நேரம்.
பெட்டிக்குள் பனி பாதி தண்ணீர்.

எங்கள் வடிகட்டி எளிமையானது:
ஆறடிக் குழாய், அடியில் கூழாங்கல்,
மேலே பண்ருட்டி முந்திரி ஓட்டைச் சுட்ட கரி.
உடைப்பவர் விரலைத் தின்னும் அந்த எண்ணெய்
முழுதும் போகும்வரை சுட வேண்டும்.
ஒரு மாதம் என் துப்பட்டாவிலெல்லாம் அந்த வாசனை.
பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
பசிக்கிறது என்றார்.

கடுங்காப்பியாய் உள்ளே போவது
மழைத்தண்ணீராய்ச் சொட்டும்.
பார்வையிட வருகிறவர்கள்
இரண்டு டம்ளரையும் சேர்த்துப் படம் எடுப்பார்கள்.
காட்மியத்துக்கு நிறம் கிடையாது என்று
நான் சொல்லும்போது
கார் கிளம்பியிருக்கும்.

பத்தொன்பதாம் நாள் கரி நிறைந்துவிட்டது.
அன்றைக்கென்று அஞ்சலாட்சி பார்க்க வந்திருந்தார்.
குழாயைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.
‘இவ்ளோத்தையும் உறிஞ்சுன கரிய
எங்கம்மா கொட்டுவீங்க?’
பாதுகாப்பா, என்றேன்.
‘அது எந்தூரு?’

நான்கு சாக்குகள்
மாடிப்படிக்குக் கீழே இன்னும் நிற்கின்றன.
பெருக்குகிறவர்
அவற்றை விட்டுவிட்டுப் பெருக்குகிறார்.

சுழலிக்கு ஒற்றைப்படை ஆகாது.
மூன்று குழல் வைத்துச் சுற்றினால்
மேசையோடு எழுந்து ஆடும்.
நான்காவதில் சமன் எடைக்கு
என் தண்ணீர்ப் புட்டியிலிருந்து ஊற்றுவேன்.
இரண்டு வருடப் பழக்கம்.
அந்த மூடியில் எதுவும் எழுதுவதில்லை.
மாதிரிக்குத்தான் பெயர். அது எடை.

செவ்வாய்க்கிழமை இரண்டு முறை மின்சாரம் போய் வந்தது.
தூக்கக் கலக்கத்தில் ஹமீதா
நான்கையும் கருவியில் ஏற்றிவிட்டாள்.
தாளில் நான்கு வரி.

மூன்றாம் வரிக்கும் நான்காம் வரிக்கும்
தசமப் புள்ளி தாண்டி மூன்றாம் இடத்தில்தான்
வித்தியாசம்.

வழக்கம்போல் முதலில் கருவியைச் சந்தேகித்தோம்.
கழுவினோம், ஓட்டினோம்.
பிறகு குழலைச் சந்தேகித்தோம். புதுக்குழல்.
நான் ஹமீதாவை, ஹமீதா என்னை.
ஐந்தாம் தடவையும் அந்த எண்
அதே இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தது.

என் வீடு கெடிலத்துக்கு இந்தப் பக்கம்.
ஆய்வறிக்கை வரைபடத்தில்
அந்தப் பக்கம் முழுக்க சிவப்பு அடித்தவள் நான்.
என் தெருவை வெள்ளையாக விட்டிருந்தேன்.
அளக்காத இடத்துக்கு வெள்ளை.
குறிப்பில் அப்படித்தான் போட்டிருக்கிறேன்,
சின்ன எழுத்தில்.

குணாளனுக்குப் போன் போட்டேன்.
ரசத்தை இறக்கிக் கொட்டிவிடு.
‘ஏன், உப்பு சரியாத்தானே இருக்கு?’
பின்னால் பிள்ளை
பள்ளிக்கூடப் புட்டியை
மோட்டார்க் குழாயடியில் நிரப்பும் சத்தம்.
நிறைய நிறைய
மெல்லியதாகிக்கொண்டே போகும் அந்தச் சத்தம்.

மூடியில் மார்க்கரால் எழுதினேன்:
மாதிரி நான்கு.
இடம் என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு
என் சமையலறை.

அஞ்சலாட்சிக்கு இதை எப்படிச் சொல்வது?
வருத்தத்தோடா?
‘வாங்க’ என்பாரோ, சிரித்துவிடுவாரோ,
தெரியவில்லை.

இப்போது நான்கும் மாதிரி. இரட்டைப்படைதான்.
ஆனால் சாயங்காலம் தேசிங்கு
ஐந்தாவது புட்டியோடு வருகிறான்,
பக்கத்துத் தெருவிலிருந்து.
மறுபடியும் ஓர் எடை வேண்டும்.

ஹமீதா தன் பையிலிருந்து
பரங்கிப்பேட்டைத் தண்ணீரை எடுத்தாள்,
மூடியைப் பாதி திருகினாள்,
என்னைப் பார்த்தாள்,
திருகி மூடி
திரும்ப உள்ளே வைத்தாள்.