செக்ரோல் தாள்

லூனாஸ் கடைவீதியில், சைக்கிள் கடைக்குப் பின்னால் அச்சுக்கூடம்.
தணிகாசலம் எழுதினால் சம்பள நாள் மாலைக்குள் காலி.
எழுத்துக் கோத்தவன் நான்.

கொடி மாறிய வாரம்
அவருடைய வில்லனுக்குப் பூனைக்கண் வந்தது.
பெண்ணைத் தூக்கிப்போகும் கார் மட்டும்
அதே கறுப்பு மோரிஸ்.

தாளுக்குப் பஞ்சம்.
தோட்டத்துச் செக்ரோலைப் பிரித்துப் பின்பக்கம் அடித்தோம்.
முன்பக்கம் ஆள் பெயர், பால் எத்தனை ராத்தல்.

பதினோராம் புத்தகத்தில் கதாநாயகன்
சயாமுக்கு ரயிலேறினான்.
அங்கே வெள்ளை அரிசி, நாளுக்கு ஒரு வெள்ளி.
யாராவது சொல்லி எழுதினாரா, தானாகவா,
நான் கேட்கவில்லை.
‘அரிசி’யில் ‘ரி’ தேய்ந்திருந்தது;
வேறு எடுத்து வைத்தேன்.

முன்பக்கத்துப் பெயர்களில் பாதி
அந்த ரயிலில் போயின.

சண்டை ஓய்ந்து ஆதிமூலம் வந்தான்,
வலது கால் முட்டியோடு சரி.
எழுத்துப் பெட்டியை எனக்கும் அவனுக்கும் நடுவே இழுத்தேன்.
“பன்னெண்டாவது புத்தகம் எனக்குக் கெடைக்கல.
குமுதினிக்கு என்னாச்சு?”

உள்ளேதான் இருந்தார் தணிகாசலம்,
புது வில்லனின் இடுப்பில் வாள் செருகிக்கொண்டு.
பேனாச் சத்தம் நின்றது.
பன்னிரண்டில் அவளை மூடா ஆற்றில் தள்ளியிருந்தார்.

“கல்யாணம் ஆயிருச்சு” என்றேன்.

“நெனச்சேன்” என்று சிரித்தான்.
புதுப் புத்தகம் ஒன்று எடுத்தான்.
நீட்டியது வாழைமர நோட்டு.
செல்லாது.
வாங்கி
மேசையறையில் போட்டேன்.