மாவு டப்பாவில் சாவி

ஜீத்தம்மா,
லூக்கா நகரத்து வேலைக்காரிகளின் பாதுகாவலரே,
நாற்பத்தெட்டு ஆண்டு
அடுத்தவர் அடுப்புச் சாம்பலை அள்ளியவரே,
தொலைந்த சாவிகளைத் தேடித் தருபவரே,
இன்றைக்கு மட்டும்
தேடாமல் இரும்.

வாசற்கதவுச் சாவி. பித்தளை. காதில் சிவப்பு நூல்.
ஒளித்தது நான்தான்.
கஷ்கொட்டை மாவு டப்பாவின் அடியில் கிடக்கிறது.
எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம்
ஆர்ஜியா அம்மையார் உம்மிடமே கேட்கிறார்,
விரல் நகத்தால் மேசை விரிப்பைச் சுரண்டியபடி:
ஜீத்தா, ஜீத்தா, என் சாவியைக் காட்டு.
ஆறு பத்துக்கு வியாரெஜோ ரயில் வந்துவிடும்.
ஒத்தொரீனோ இறங்குவார்,
குடையை மறந்திருப்பார்.

ஒத்தொரீனோவைப் புதைத்துப் பத்தொன்பது வருஷம்.

போன மாதம் கதவு பூட்டாமல் கிடந்தது.
இரண்டாம் நடைமேடையில் நின்றாராம்,
இரவு உடை, வெறுங்கால், கக்கத்தில் இரண்டு குடை.
மிலானிலிருந்து மகன் பேசினார்:
"இல்வா, இன்னொரு தடவை இப்படி நடந்தால்..."
அந்த வாக்கியத்தின் மீதிதான்
என் சம்பளம்.

ஒரே சமையலறையிலிருந்து இரண்டு மன்றாட்டு.
ஒன்று புகைபோக்கி வழியே ஏறுகிறது,
மற்றது அதன் காலைப் பிடித்து இழுக்கிறது.
நீர் யாருக்காகப் பரிந்து பேசுவீர்?
எசமானிக்கா? உம் இனத்தாளுக்கா?

உம் கதை எனக்குத் தெரியும், ஜீத்தம்மா.
பூசையில் நீர் மெய்மறந்து நிற்க
வானதூதர்கள் இறங்கி ரொட்டி சுட்டார்களாம்.
நான் ஒரு அருள் நிறை மரியே முடிப்பதற்குள்
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது.
எசமான் அதட்டியதும்
உம் மடியிலிருந்த ரொட்டித் துண்டுகள் பூக்களாயினவாம்.
என் மடியில் இருப்பவை:
இரத்தக் கொதிப்பு மாத்திரை, ஒரு பேனா மூடி,
ஆர்ஜியா அம்மையாரின் கீழ்வரிசைப் பற்கள்.
யார் அதட்டினாலும்
பற்கள் பற்களாகவே இருக்கின்றன.

கிறிஸ்துமஸ் இரவில் எசமானின் கம்பளி அங்கியைக்
கோவில் வாசலில் நடுங்கியவருக்குக் கொடுத்தீரே,
மறுநாள் அது திரும்பி வந்ததாம். நல்லது.
வரும்வரை?
அந்த ஓர் இரவை எப்படிக் கழித்தீர்?
அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
எனக்கு அதுதான் வேண்டும்.

அவர் அழுதார்.
பிறகு அழுததை மறந்தார்.
பிறகு மறுபடி முதலிலிருந்து.

விடிந்தால் ஏப்ரல் இருபத்தேழு, உம் திருநாள்.
மாவுக்குள் கை விட்டேன், முழங்கைவரை.
சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
"ஜீத்தாவா கொடுத்தாள்?"
"மாவுக்குள் இருந்தது, அம்மையாரே."
இதில் பொய் எங்கே?

நல்ல வெயில். ஆனாலும் இரண்டு குடை.
சதுக்கம் முழுக்கப் பூக்கடை,
ஒரு நாய் தொட்டிச் செடியில் காலைத் தூக்க
கடைக்காரர் போட்ட சத்தத்தில்
அம்மையார் வயிறு குலுங்கச் சிரித்தார்.
ரயில் நிலையம் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

சான் ஃப்ரெதியானோ. கண்ணாடிப் பேழை.
உலர்ந்து கறுத்த சிறு கைகள்.
இவ்வளவு சின்ன உருவமா நீர்!
அம்மையார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.
"யார் இவள்? பட்டப்பகலில் தூங்குகிறாளே."
"வீட்டு வேலை செய்தவர். களைத்துப் போயிருக்கிறார்."

யோசித்தார். வெகுநேரம்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
சிவப்பு நூலை நீவி விட்டு
சாவியைப் பேழை விளிம்பில் வைத்தார்.
"எழுந்ததும் வீட்டுக்குப் போகச் சொல்.
இருட்டுவதற்குள் போகட்டும்."

அவர் பார்வை பூக்களின் பக்கம் திரும்பும்வரை
அதை நான் தொடவில்லை.
பிறகு எடுத்தேன். கதவைத் திறக்க வேண்டுமே.

என் விரலிடுக்கில் மிச்சமிருந்த மாவு
உம் கண்ணாடியில் ஐந்து கோடாய் நிற்கிறது,
ஜீத்தம்மா.
துடைக்கத் துணி கொண்டுவரவில்லை.
பொறுத்தருளும்.