இருபத்தொரு ஊசிகள்

பிரெஸ்ட் துறைமுகத்தில்
கப்பல்களுக்குள் மின்கம்பி இழுப்பவன் கூல்வென்.
வீட்டிலும் அதே வேலைதான்,
சம்பளம் மட்டும் கிடையாது.

முப்பத்தெட்டு கிலோ டிவி.
லான்டெர்னோவில் யாரோ வாசலில் வைத்து
"தூக்க முடிந்தவர் எடுத்துக்கொள்ளலாம்" என்று
ஒட்டியிருந்தார்கள்.
நான்கு மாடி. மழை. லிஃப்ட் இல்லை.
மூன்றாவது திருப்பத்தில் என் சுண்டுவிரல்
சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே.
"கண்ணாடியில் கீறல் விழவில்லையே, எனோரா?"
என்றுதான் கேட்டான்.
ஏழு வருஷமாய் ஒரே வீட்டில் இருக்கிறோம்.
அந்தக் கேள்வியை மறப்பதாக இல்லை நான்.

இருக்கிற டிவிக்கு என்ன கேடு?
அது யோசிக்கிறதாம்.
பொத்தானை அமுக்கி
அது யோசித்து முடிப்பதற்குள்
தாண்ட வேண்டியவன் பள்ளத்தில் கிடக்கிறான்.
இருநூற்றுச் சொச்சம் கோடுகளை
ஆயிரம் கோடாக இழுத்துப் பூசியதில்
அவன் முகம் பாலில் ஊறிய ரொட்டி.
இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு யோசனையே இல்லை,
வந்ததை வந்த வேகத்தில் திரையில் எறியும்.

அப்புறம் கம்பிப் புராணம்.
ஆன்டெனா துளை வழியே வருவது வதந்தி.
மஞ்சள் கம்பி கூட்டுக் குடும்பம்:
வெளிச்சமும் நிறமும் ஒரே வாளியில் ஊறி
ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறும்.
எஸ்-வீடியோவில் இரண்டு வாளி.
சிவப்பு, பச்சை, நீலம்
மூன்றையும் தனித்தனியே அழைத்து வருவது
ஸ்கார்ட் ஒன்றுதான்.
கைக்கு அடங்காத முரட்டுத் தலை,
இருபத்தொரு ஊசி,
எப்போது சொருகினாலும் பாதிதான் இறங்கும்.
"உலகத்துக்கு பிரான்ஸ் தந்தது இது" என்கிறான்,
சீஸை மறந்துவிட்டு.

முதல் கம்பி மலிவு.
படம் வெளுத்தால் ஸ்பீக்கர் முனகியது.
இரண்டாவதில் படம் சரிந்து சரிந்து
ஏணிபோல் ஓடியது.
"ஒத்திசைவு இல்லை" என்றான்.
எங்களைச் சொல்கிறானோ என்று
ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தேன்.
மூன்றாவதை அவனே பற்றவைத்தான்,
எழுபத்தைந்து ஓம், அது இது என்று
நவம்பர் முழுக்க முணுமுணுத்துக்கொண்டு.
சாப்பாட்டு மேசை விரிப்பில்
ஒரு பட்டாணி அளவு கருகல் இருக்கிறது,
தட்டை அதன்மேல் வைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை இரவு படம் வந்தது.
ஒவ்வொரு புள்ளியும்
பரீட்சை எழுத வந்த பிள்ளைபோல்
தன் இடத்தில் நேராக உட்கார்ந்திருந்தது.
இத்தனை நாள் ஓடியவனுக்குப் புருவம் உண்டென்று
அன்றுதான் பார்த்தேன்.
கூல்வென் ஒன்றும் பேசவில்லை,
கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இரண்டாம் கட்டத்தில் அருவி.

ஒரு கோடு நீலம்,
ஒரு கோடு காலி,
மறுபடி ஒரு கோடு நீலம்.
நம் ஆள் அதன் பின்னே போய் நின்றான்,
கம்பி எண்ணும் கைதி.
"தண்ணீர் எங்கே?" என்றேன்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னான்.
வரைந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது.
மஞ்சள் கம்பி எப்படியும் தீற்றும்,
பக்கத்துக் கோட்டோடு குழைக்கும்,
பாதியை நான் வரைகிறேன்
மீதியை அந்தக் கோளாறு பார்த்துக்கொள்ளட்டும் என்று
விட்டிருக்கிறான்.
வீட்டிலிருந்த நல்ல தண்ணீரை
நாங்கள்தான் காசு கொடுத்து வடிகட்டியிருக்கிறோம்.

விடிய நாலு மணிக்கு எழுந்து பார்த்தால்
கம்பியின் தலையைப் பிளந்து வைத்திருந்தான்.
மஞ்சள் கம்பியின் படம் எங்கும் போகவில்லையாம்,
இருபதாவது ஊசியில்
தாளம் தட்டுவதற்கு மட்டும்
இவ்வளவு நாளும் கூடவே வந்திருக்கிறது.
பதினாறாவது ஊசியை நிறுத்தினால்
டிவி அதைக் காட்டிவிடும்.

உயிர்காப்புப் படகு விளக்கின்
பழைய சுவிட்ச் ஒன்றை அதில் கோத்திருக்கிறான்.
ஆடும்போது அவனுக்குக் கை ஒழியாது.
அருவி வரும்போது தட்டுவது,
தாண்டியதும் திருப்பித் தட்டுவது,
இரண்டும் என் பொறுப்பு.

சுண்டுவிரலால்தான் தட்டுகிறேன்.
நகம் இன்னும் பாதிதான் முளைத்திருக்கிறது,
அவன் பார்க்கட்டும்.