இருநூறு மீட்டர்

தஞ்சோங் பகாரில் ரயில் ஏறும்போதே
மலேசியாவுக்குள் வந்துவிட்டதாக
ஓர் அட்டையில் முத்திரை விழுந்துவிடும்.
சிங்கப்பூரை விட்டுப் போவதோ
அதற்கப்புறம், உட்லண்ட்ஸில்.
முதலில் வருகை, பிறகு புறப்பாடு.
யாரும் கேள்வி கேட்பதில்லை,
எஞ்சின் ஓடுகிற வரைக்கும்.

பத்தே முக்காலுக்கு அது ஒருமுறை கனைத்தது.
பெட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.
மேலே மின்விசிறி
தன் இறக்கை மூன்றுதான் என்று
எண்ணிக் காட்டிவிட்டு நின்றது.

மடியில் பதினோரு ரவிக்கை.
காம்பல் லேனில் நான் வெட்டித் தைத்தவை.
சிகாமட்டில் காலை ஆறரைக்கு முகூர்த்தம்.
மணப்பெண் யோகவாணிக்கு அரக்கு நிறம்,
கைவிளிம்பில் இரண்டு வரிசை மணி.
"அக்கா, எங்க இருக்கீங்க?"
மலேசியாவில்தான்மா என்றேன்.
பொய் இல்லை. அட்டை இருக்கிறது.

ரயிலின் வால் சுவா சூ காங் சாலைக்குக் குறுக்கே கிடந்தது.
தடுப்புக்கு அப்பால் டாக்சிகள், ஒரு சிமெண்டு லாரி,
யாரையோ வீட்டுக்குக் கொண்டுபோகும் கடைசிப் பேருந்து.
முதலில் ஹாரன் அடித்தார்கள்.
பிறகு ஒவ்வொருவராக இறங்கி நின்று
புகைத்தார்கள்.
தூரத்து புளோக்கில் ஒருவர்
துணிக் கம்பை உள்ளே இழுப்பதை நிறுத்தி
எங்களைப் பார்த்தார்.

எதிர் இருக்கை திரு. கோ
கோலாலம்பூரில் பசியாற வேண்டியவர்.
முப்பது வருடத் தாமதங்கள்
அவருடைய சின்ன நோட்டில்:
எருமை, ஐம்பது நிமிடம்.
வெள்ளம், இரண்டு நாள்.
காரணம் தெரியவில்லை, காரணம் தெரியவில்லை என்று
ஒரு பக்கம் முழுக்க.

உட்கார முடியாமல் இறங்கி
ஜல்லியில் முன்னால் நடந்தேன்.
ஓட்டுநர் ஹம்சா
கைவிளக்கைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி
எஞ்சினின் விலாக் கதவைத் திறந்திருந்தார்.
தண்ணீர்க் குழாய் முழங்கையில் வெடித்திருந்தது.
"காயின் அடா?" என்றார் என்னைப் பார்க்காமலே.
துணி இருக்கிறதா.
கேட்டாரே, என்னிடம்!

லைனிங் துணி இரண்டு மீட்டர், புதுசு.
குறுக்கு இழையில் வெட்டிக் கொடுத்தேன்.
நேர் இழை வளைவில் விறைத்துக்கொண்டு நிற்கும்,
குறுக்கு இழைதான் அணைத்துப் படியும்.
அக்குளானால் என்ன, எஞ்சினானால் என்ன.
அவர் சுற்றினார், நான் இழுத்துப் பிடித்தேன்,
மேலே கம்பி முறுக்கினார்.
பயணிகளின் குடிதண்ணீர் பாட்டில்கள்
கைமாறிக் கைமாறி வந்து
அதன் வயிற்றுக்குள் போயின.

ஓடியது!
யாரோ கைதட்டினார்கள்.
இருநூறு மீட்டர்.
பிறகு ஒரு சீற்றம், ஆவி,
பழையபடி தவளைச் சத்தம்.

ஆனால் பின்னால் தடுப்பு மேலே போயிற்று.
லாரி போனது. கடைசிப் பேருந்து போனது.
டாக்சிக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார்,
நன்றியா வேறு ஏதாவதா
இருட்டில் தெரியவில்லை.

மாற்று எஞ்சின் ஜொகூர் பாருவிலிருந்து வர வேண்டும்.
அதற்கும் கடப்பிதழ் உண்டா என்று ஒரு பையன் கேட்க
பெட்டியே சிரித்தது.
சிரிப்பு முடிந்து வெகுநேரம் கழித்தும்
அது வரவில்லை.
கைபேசி வெளிச்சத்தில்
அரக்கு ரவிக்கையின் கொக்கி ஒன்றை
பிரித்து மறுபடி தைத்தேன்.
நன்றாகத்தான் இருந்தது அது.
இரண்டு மணிக்கு யோகவாணி,
"பழையதையே போட்டுக்கறேன் அக்கா,
பச்சை ஒண்ணு இருக்கு."
அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல்,
"தாலி கட்டுறதுக்குள்ள வந்துட்டா மாத்திக்கலாம்."

இரண்டே முக்காலுக்கு வடக்கே ஒற்றை வெளிச்சம்.
திரு. கோ நோட்டில் எழுதினார்:
குழாய். நான்கு மணி நேரம்.
கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே:
ரவிக்கைத் துணி, கூட்டல் இருநூறு மீட்டர்.

உட்லண்ட்ஸில் குடிநுழைவு அதிகாரி
அட்டையையும் கடப்பிதழையும்
மாற்றி மாற்றிப் பார்த்தார்.
நேற்றே போய்ச் சேர்ந்தவள்
இன்று புறப்படுகிறேன்.
கொட்டாவியை விழுங்கிவிட்டு
முத்திரையை அழுத்தினார்.
"அடுத்தவர்."