மேற்கு வாசல்

என் கணவர் பாதிரியார். அதனால்
இந்த ஆர்மீனியச் சமவெளியின் கேள்விகளெல்லாம்
எங்கள் தகர வீட்டுக்குள் வந்து
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்காரும்.
நிலம் நடுங்கி ஆறாம் வருடம்.
இன்னும் தகரம்தான். இன்னும் கேள்விதான்.

ஷோகாகத் மட்டும் எதுவும் கேட்டதில்லை.
ஞாயிறுதோறும் வருவாள்.
மெழுகுவர்த்தி இரண்டு வாங்குவாள், ஏற்றமாட்டாள்;
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
பலிபீடத்துக்கு முதுகைக் காட்டி நிற்பாள்.
எல்லோரும் கிழக்கே. அவள் மேற்கே.
ஞானஸ்நானத்தில் சாத்தானை மறுக்கத்
திரும்பி நிற்கும் திசை அது.
ஊர் முணுமுணுத்தது.
பின்னே என்ன?
பள்ளிக்கூடக் கூரை ஒரே வாயில் தின்றது இருவரையும்.
தாரோனுக்கு ஒன்பது. ஆர்ஷாக்குக்கு ஏழு,
அவசரத்தில் பூட்ஸை இடம்வலம் மாற்றிப் போடுகிற வயது.

அவளுக்காகத்தான் வர்தானேஸ் பிரசங்கம் எழுதினார்,
நான்கு இரவு. மண்ணெண்ணெய் எரிந்தது என் கணக்கில்;
ஆகையால் எனக்கும் வாசித்துக் காட்டினார்.

மனிதருக்குத் தேவன் சுதந்திரம் தந்தார், என்றார்.
சிமென்டைத் திருடி மணலைக் கூட்டியவன் மனிதன்,
ஒத்துக்கொள்கிறேன்.
மண்ணை உலுக்கியது எவன் சுதந்திரம்?
ஒரு வரி அடித்தார்.
பொன்னைப் புடமிடுவது போல, என்றார்.
ஏழு வயதுப் பொன்னையா?
அதையும் அடித்தார்.
சிலுவையில் அவரும் கதறினாரே, என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்த வரி இருக்கட்டும் என்று
திரியைச் சற்று ஏற்றினேன்.

ஞாயிறு. காகிதம் அங்கிக்குள்.
சங்கீதம் முடிந்தும் அவர் பேசவில்லை.
இறங்கினார். மூன்றே படி,
எனக்கு மூன்று மைல்.
அவள் பக்கத்தில் போய் நின்று
அவரும் திரும்பிக்கொண்டார், வாசலைப் பார்த்து.
அடுப்பருகே செட்ராக் இருமலை விழுங்கினார்.

வெகுநேரம் கழித்து அவள்தான் சொன்னாள்,
ரொட்டிக் கடை வரிசையில் பேசுவது போல:
"கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கவில்லை, தந்தையே.
அன்றைக்கு அவரும் அந்த இடிபாட்டுக்குள்தானே போனார்?
பிள்ளைகளோடு திரும்பி வந்தால்
இந்தக் கதவு வழியாகத்தான் வரவேண்டும்.
யாராவது பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாமா?
வராவிட்டால்,
வரவில்லை என்பதையும்
ஒருத்தி பார்த்திருக்க வேண்டும்."

கதவிடுக்கில் பனி சன்னமாக உள்ளே வந்தது.
அவர் தாடியில் ஒட்டியது. தட்டிவிடவில்லை.

எங்கள் மேசைக்கு ஒரு கால் குட்டை.
பிரசங்கத்தை நாலாக மடித்து
அடியில் கொடுத்தேன் அன்றிரவு.
ஆட்டம் நிற்கவில்லை.
குறைந்தது.