மணிக்கயிறு

பகலில் கரண்ட் வந்தால்
இருபத்தொன்பதாம் தெரு முழுக்க
ஒரே தொண்டையாகிவிடும்:
மீ லா பீ! மீ லா பீ!
தையல் மிஷினை விட்டெழுந்து நானும் கத்துவேன்,
தொப்பியைத் தேடிக்கொண்டே யூசுப் சுர்த்தியும்,
ஒன்றாம் மாடியில் கித்தார் பழகும் சா ஏ டோவும்.
வெளிச்சம் வந்ததைச் சொல்ல
ரங்கூனில் எங்களுக்கு ஒரே மொழிதான்.

இரவில் யாரும் கூவுவதில்லை. இரவுக்கு முறை உண்டு.
முறைக்காரர் விழித்திருந்து கீழே இறங்கி
மோட்டாரைப் போட்டுவிட்டுத்
தெருவில் நின்று,
ஆறு பால்கனியிலிருந்து தொங்கும் ஆறு கயிற்றில்
தன்னுடையது போக ஐந்தையும் இழுக்கவேண்டும்.
மேலே மணி கிலுங்கும்.
தூக்கத்தோடு எழுந்து குழாயைத் திறந்தால்
அவரவர் டிரம் நிறையும்.
முக்கால் மணி நேரம். சில நாள் அதுவும் இல்லை.

முறை நோட்டை யூசுப் எழுதுகிறார், குஜராத்தியில்.
வேறு யாராலும் படிக்க முடியாததால்
அதில் சண்டை வந்ததில்லை.

பகலில் அதே கயிற்றில் சாவி இறங்கும்,
செய்தித்தாள் ஏறும்,
கிளிப்பில் தொங்கியபடி
பை நிறையச் சூடாக மோஹிங்கா ஏறும்.

இரண்டாம் மாடி தோ ஞுன் ஈயோடு
எனக்குப் பேச்சு நின்று எட்டு மாதம்.
என் கறிவேப்பிலைத் தொட்டியின் செம்மண் நீர்
அவள் மகனின் வெள்ளைப் பட்டுச் சட்டையில் சொட்டியது.
துறவறச் சடங்கின் ஊர்வலத்துக்கு
உலர்த்தி வைத்திருந்த சட்டை.
அண்ணாந்து ஒரு சொல் சொன்னாள்.
அதை எழுத மாட்டேன்.
நான்கு தலைமுறையாய் இங்கே பிறந்து,
பதிவேட்டில் மா சண்டா என்று பெயர் கொடுத்து,
கதவைச் சாத்தியபின் பூங்கோதையாகிறவளுக்கு
எந்தச் சொல் என்று சொல்லவேண்டியதில்லை.
நானும் சும்மா இருக்கவில்லை.
தமிழில்தான் திட்டினேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது. புரிந்தது.

தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வாரம்
என் முறை வந்தது. ஒன்று பத்து.
நான்கு கயிறு இழுத்தேன்.
ஐந்தாவதைத் தொட்டேன்.
அவள் கை எண்ணெய் ஏறி வழவழப்பாய் இருந்தது.
விட்டுவிட்டு மேலே ஏறினேன்.
என் டிரம் வழிந்தது.

காலையில் படிக்கட்டில் வாளிச் சத்தம்.
ஆ செங்கின் சைக்கிள் கடைத் தொட்டியிலிருந்து
இரண்டு மாடிக்கு,
வலிக்கும் முழங்காலோடு, எட்டு நடை.
எண்ணினேன். எண்ணியிருக்க வேண்டாம்.
அன்று நோட்டில் யூசுப் என்ன எழுதினாரோ.

மறு வாரம் அவள் முறை.
இரண்டு நாற்பதுக்கு மோட்டார் உறுமியது.
விழித்துத்தான் கிடந்தேன்.
எழுந்து குழாயைத் திறந்திருக்கலாம்.
திறக்கவில்லை. எனக்குத் தெரியவேண்டியிருந்தது.
ஒன்றாம் மாடி மணி.
நாலாம் மாடி.
ஐந்தில் அரக்கான் நர்ஸ் பெண்கள்,
மூன்று தரம் இழுத்தால்தான் அசைவார்கள்.
ஆறு.
பிறகு தெருவில் ஒன்றுமில்லை.
ஒரு நாய்.
தீக்குச்சி உரசும் சத்தம்.
மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது,
சுருட்டில் பாதி எரியும் நேரம்.

என் மணி அடித்தது.
அடித்ததா அது!
பால்கனியைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி,
கொத்துக் கொத்தாய், கோபமாய்,
எதிர்க் கட்டிடத்துக் குழந்தை வீரிட்டு அழும்வரை.
என்னைத் திட்டித் திட்டி எழுப்பினாள்.
ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் வந்தது.

இன்னும் பேசவில்லை.
படிக்கட்டில் எதிர்ப்பட்டால் நான் சுவரோடு ஒட்டுவேன்,
அவள் கைப்பையில் எதையோ தேடுவாள்.
அந்தச் சொல் போய்விடவில்லை.
இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே
ஒழுகல் கறை மாதிரி இருக்கிறது.

தொட்டியை மட்டும்
ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிவைத்தேன்.
இப்போது அது சொட்டுவது
ஆ செங் வாசலில் நிறுத்தும் சைக்கிளின் இருக்கையில்.
அவன் இன்னும் அண்ணாந்து பார்க்கவில்லை.